பாய்மரக் கப்பலில் வளர்ந்த கேப்டன் வீட்டுப் பிள்ளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேப்டன்கள் மனைவி மக்களையும் கப்பலில் அழைத்துச் சென்றது உண்மையா?

உண்மைதான். 19ஆம் நூற்றாண்டில், அதிலும் 1850க்குப் பிறகு, அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் இது ஊரறிந்த வழக்கமாகவே இருந்தது. மெய்ன் மாநிலத்தின் சியர்ஸ்போர்ட் என்ற சிற்றூர், அதன் அளவுக்குப் பொருந்தாத எண்ணிக்கையில் தொலைதூரச் சரக்குக் கப்பல்களுக்குக் கேப்டன்களைத் தந்தது. அவ்வூர்க் குடும்பங்களில், பிள்ளை கப்பலில் நடை பழகியது என்பது யாரையும் வியக்க வைக்கும் செய்தி அல்ல. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டு, நான்டக்கெட், மார்த்தாஸ் வினியார்டு ஆகிய இடங்களிலிருந்து திமிங்கில வேட்டைக்குப் புறப்பட்ட கப்பல்களிலும் கேப்டன் குடும்பங்கள் சென்றன. இந்தச் சலுகை கேப்டனுக்குரியது. சாதாரண மாலுமியின் மனைவியும் பிள்ளைகளும் கரையில்தான் காத்திருந்தார்கள். கீழே உள்ள விடைகள் பெரும்பாலும் இந்த அமெரிக்கக் கப்பல்களைப் பற்றியவை.

சிறு பிள்ளைகளை ஏன் இவ்வளவு அலைக்கழித்தார்கள்? வீட்டில் விட்டுச் சென்றிருக்கலாமே?

பயணக் காலத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும். நியூயார்க்கிலிருந்து தென் அமெரிக்காவின் கேப் ஹார்ன் முனையைச் சுற்றி சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர, ஒரு சரக்குக் கப்பலுக்கு நான்கைந்து மாதங்கள் பிடிக்கும். அங்கே கோதுமை ஏற்றிக்கொண்டு லிவர்பூல், அங்கிருந்து வேறொரு துறைமுகம் என்று சரக்குக் கிடைக்கும் திசையெல்லாம் திரும்பினால், கேப்டன் மீண்டும் வீட்டு வாசலை மிதிக்க ஓர் ஆண்டும் ஆகலாம், இரண்டும் ஆகலாம். திமிங்கில வேட்டைக் கப்பல் என்றால் மூன்று நான்கு ஆண்டுகள். தன் குழந்தையின் முகம் தனக்கே அடையாளம் தெரியாமல் போய்விடும் என்ற நிலையில், ‘எல்லோரும் வாருங்கள், கப்பலே நம் வீடு’ என்று பல கேப்டன்கள் முடிவு செய்தார்கள்.

இதில் பணக்கணக்கும் உண்டு. அக்காலத்தில் கப்பலின் உரிமையை 64 பங்குகளாகப் பிரிப்பது வழக்கம். கேப்டன் அவற்றில் சில பங்குகளுக்குச் சொந்தக்காரராக இருப்பார். மற்ற பங்குதாரர்களோ அதே ஊரைச் சேர்ந்த உறவினரும் அண்டை வீட்டாருமாக இருப்பார்கள். தனக்கும் பங்குள்ள கப்பலில் குடும்பத்தை ஏற்றுவதற்கு யாரிடம் போய்க் கெஞ்ச வேண்டும்? கரையில் தனியாக ஒரு குடித்தனம் நடத்தும் செலவும் மிச்சமாயிற்று.

கப்பலிலேயே பிறந்த குழந்தைகளும் உண்டா?

உண்டு. நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, சியர்ஸ்போர்ட்டைச் சேர்ந்த கோல்கார்டு குடும்பத்தின் அக்காளும் தம்பியும். அக்காள் ஜொயானா 1882 மார்ச்சில், தென் பசிபிக்கில் நியூ கலிடோனியாவுக்கு அருகே, ‘சார்லட் ஏ. லிட்டில்ஃபீல்டு’ என்ற கப்பலில் பிறந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், அதே கப்பல் கேப் ஹார்ன் முனைக்கு அருகில் புயலில் சிக்கியிருந்தபோது தம்பி லிங்கன் பிறந்தார். தென் அரைக்கோளத்தில் ஆகஸ்டு என்பது கடுங்குளிர்காலம் என்பதையும், கேப் ஹார்ன் என்பது தேர்ந்த மாலுமிகளே அஞ்சிய கடல் என்பதையும் சேர்த்து நினைத்தால், அந்தத் தாயின் நிலை ஓரளவு புரியும்.

இத்தகைய கப்பல்களில் மருத்துவர் கிடையாது. எண்ணிட்ட குப்பிகள் அடுக்கிய மருந்துப் பெட்டி ஒன்றும், எந்த நோய்க்கு எந்தக் குப்பி என்று சொல்லும் கையேடு ஒன்றும் இருக்கும். எலும்பு முறிவிலிருந்து பிள்ளைப்பேறு வரை அனைத்தையும் அந்தக் கையேட்டை வைத்துக்கொண்டு கேப்டனே பார்த்தாக வேண்டும். மேல்தளத்தில் காற்றின் போக்கைக் கவனிக்க வேண்டியவரும் அவர்தான், கீழே மனைவியின் பக்கத்தில் இருக்க வேண்டியவரும் அவர்தான். துறைமுகத்துக்கு வந்துவிடலாம் என்று நாள் கணக்குப் போட்டுப் புறப்பட்டவர்களின் கணக்கைக் காற்று பொய்யாக்கிவிடும் என்பதால், கடலில் பிறந்த பிள்ளைகள் பலர் பெற்றோரின் திட்டப்படி அங்கே பிறந்தவர்கள் அல்லர்.

கப்பலில் இவர்கள் எங்கே வசித்தார்கள்?

கப்பலின் பின்பகுதியில், சுக்கானுக்கு அருகே, கேப்டனுக்குரிய அறைகளில். ‘கப்பல் அறை’ என்றவுடன் இருட்டுப் பொந்தைக் கற்பனை செய்ய வேண்டாம். மெய்ன் மாநிலத்தில் கட்டப்பட்ட பெரிய சரக்குக் கப்பல்களில் இந்த அறைகள் வசதியான நடுத்தரக் குடும்பத்து வீட்டுக்கு ஈடாக இருந்தன: மகோகனியும் மேப்பிளும் பதித்த சுவர்கள், மெத்தை இருக்கைகள், நிலக்கரி அடுப்பு, புத்தக அலமாரி, சில கப்பல்களில் ஆர்மோனியம் போன்ற ஒரு இசைக்கருவி. வெளிச்சம் மேலே கூரையிலுள்ள கண்ணாடிச் சாளரத்தின் வழியே இறங்கும். மேசையும் நாற்காலியும் தரையோடு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கும். உணவு மேசையின் ஓரங்களில் தட்டுகள் சரிந்து விழாதபடி சட்டம் அடித்திருக்கும்.

திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இதைவிடச் சிறியவை, நெருக்கமானவை, எண்ணெய் நாற்றம் ஊறியவை. 1841இல் கட்டப்பட்டு இன்றும் கனெக்டிகட் மாநிலத்தின் மிஸ்டிக் துறைமுக அருங்காட்சியகத்தில் மிதக்கும் ‘சார்லஸ் டபிள்யூ. மார்கன்’ கப்பலில், கேப்டனின் மனைவிக்காக அமைத்த ஊஞ்சல் கட்டிலைக் காணலாம். கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் படுக்கை மட்டமாகவே நிற்கும் வகையில் அதை அச்சில் பொருத்தியிருக்கிறார்கள்.

பிள்ளைகள் கப்பல் முழுவதும் ஓடியாடலாமா?

பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள்; எந்நேரமும் பாய்மரத்தில் ஏறித் திரிந்த, யாருக்கும் அடங்காத பிள்ளைகள் என்று. நடைமுறை வேறு. கப்பலில் கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடு ஒன்று உண்டு. பின்பகுதி கேப்டனுக்கும் அதிகாரிகளுக்கும் உரியது. அணியத்தை ஒட்டிய முன்பகுதி மாலுமிகளின் குடியிருப்பு. நடுப் பாய்மரத்தைத் தாண்டி முன்னே போகக் கூடாது என்பது பல கப்பல்களில் பிள்ளைகளுக்கு இட்ட கட்டளை. வேலையில் இருக்கும் மாலுமியிடம், குறிப்பாகச் சுக்கான் பிடித்திருப்பவரிடம், பேச்சுக் கொடுப்பதும் குற்றம். இரண்டு மூன்று வயதுக் குழந்தையாக இருந்தால் இடுப்பில் வாரோ கயிறோ கட்டி, அதன் மறுமுனையை மேல்தளத்தில் ஏதாவது வளையத்தில் பிணைத்துவிடுவார்கள். அது எட்டும் தொலைவுதான் அந்தக் குழந்தையின் முற்றம்.

இந்தக் கோட்டுக்குக் காரணம் பிள்ளைகளின் பாதுகாப்பு மட்டும் அன்று. கேப்டனின் சொல்லுக்கு மறுசொல் இல்லாத இடம் கப்பல். அவருடைய பிள்ளைகள் மாலுமிகளோடு சரிக்குச் சரி பழகினால் அந்த அதிகாரம் தளரும் என்ற எண்ணம் ஆழமாக இருந்தது. மாலுமிகளின் வாய்ப்பேச்சு பிள்ளைகளின் காதில் விழக் கூடாது என்று தாய்மாரும் கண்ணும் கருத்துமாக இருந்தார்கள். உலகத்தையே சுற்றி வந்த பிள்ளைகள் நாள்தோறும் நடமாடிய இடம் கப்பலின் கடைசி மூன்றில் ஒரு பங்குதான் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், இவர்களைப் பற்றிய மற்றச் செய்திகள் எளிதில் விளங்கும். என் பார்வையில் இவர்கள் வளர்ந்தது ஒரு கட்டுப்பாடான, தனிமையான, வசதியுள்ள வீட்டில். அந்த வீடு நகர்ந்துகொண்டிருந்தது என்பதுதான் வேறுபாடு.

அப்படியானால் விளையாட்டுத் துணைக்கு யார்?

உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்கள். இல்லையென்றால், கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரக்கூடிய சிலர். கப்பல் தச்சர் மரத்துண்டுகளைக் கொண்டு பொம்மை செய்து தருவார். பாய் தைப்பவர் ஊசியும் மெழுகு நூலும் கொடுத்து முடிச்சுப் போடக் கற்றுத் தருவார். சமையல்காரரும் பணியாளரும் இப்படிப்பட்டவர்களே; பல அமெரிக்கக் கப்பல்களில் இவர்கள் சீனர்கள். பூனை, நாய், கோழி, ஆடு, கிளி என்று விலங்குகளுக்கும் குறைவில்லை. இறைச்சிக்காக ஏற்றிய பன்றியைப் பிள்ளைகள் செல்லம் கொஞ்சிப் பெயரும் வைத்துவிடுவார்கள். அதை அறுக்கும் நாளில் அழுகை ஓயாது.

துறைமுகம் வந்துவிட்டால் கதையே வேறு. ஹாங்காங் போன்ற இடங்களில், சரக்குக்காக வாரக்கணக்கில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களில் அதே ஊர்க் குடும்பங்கள் இருந்தால், படகில் ஒரு கப்பலிலிருந்து மற்றொரு கப்பலுக்கு விருந்துக்குப் போவார்கள். திமிங்கில வேட்டைக் கப்பல்கள் நடுக்கடலில் எதிர்ப்பட்டால்கூடப் பாயைத் தளர்த்தி நின்று, ஒருவருக்கொருவர் கடிதமும் செய்தியும் மாற்றிக்கொள்வார்கள். ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையிலுள்ள சுந்தா நீரிணையில், 1883இல் கிராகடோவா எரிமலை அழிப்பதற்கு முன்பு இருந்த ஆஞ்சர் என்ற ஊருக்கு அருகே கப்பல் வந்தால், வாழைப்பழம், தேங்காய், கோழி, குருவி, குரங்கு எல்லாம் ஏற்றிய சிறு படகுகள் சூழ்ந்துகொள்ளும். மூன்று மாதம் நீரைத் தவிர வேறொன்றும் காணாத பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய திருவிழா இருக்க முடியாது.

படிப்புக்கு என்ன செய்தார்கள்?

தாய்தான் ஆசிரியர். காலை உணவுக்குப் பின் எழுத்தும் கணக்கும் வாசிப்பும் நடக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் விவிலியம். புவியியலைப் பொறுத்தவரை இவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு வேறு எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் கிடைத்திராது. நாள்தோறும் தந்தை செக்ஸ்டன்ட் கருவியால் சூரியனின் உயரத்தை அளப்பார். அவர் குரல் கொடுக்கும் நொடியில் குரோனோமீட்டர் என்ற துல்லியக் கடிகாரம் காட்டும் நேரத்தைக் குறித்துக்கொள்ளும் வேலையை மனைவியோ மூத்த பிள்ளையோ செய்வதுண்டு. பிறகு அட்டவணையைப் புரட்டிக் கணக்கிட்டு, வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இவர்களுக்கு அன்றாட வீட்டுக்கணக்கு.

ஆனாலும் பெற்றோருக்கு மனநிறைவு இருந்ததில்லை. பிள்ளைக்கு ஏழெட்டு வயதானதும், குறிப்பாக ஆண் பிள்ளை என்றால், தாத்தா பாட்டி வீட்டில் விட்டுப் பள்ளிக்கு அனுப்புவது வழக்கம். இதனால் ஒரே குடும்பத்தில் மூத்தவன் கரையிலும் இளையவள் கடலிலுமாகப் பிரிந்து வளர்ந்தார்கள். ஜொயானா கோல்கார்டு பிறந்தது முதல் 18 வயது வரை பெரும்பகுதியைத் தந்தையின் கப்பல்களில் கழித்தவர். அப்படியிருந்தும் மெய்ன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து 1906இல் பட்டம் பெற்றார். கப்பல் படிப்பு சோடை போகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தப் பிள்ளைகளே எழுதிய குறிப்புகள் ஏதேனும் கிடைத்துள்ளனவா?

கிடைத்துள்ளன. அவற்றில் மிகச் சுவையானது லாரா ஜெர்னகன் என்ற சிறுமியின் நாட்குறிப்பு. 1862இல் பிறந்த லாரா, மார்த்தாஸ் வினியார்டு தீவின் எட்கர்டவுனைச் சேர்ந்தவர். 1868இல், ஆறு வயதில், பெற்றோருடனும் குட்டித் தம்பி பிரெஸ்காட்டுடனும் ‘ரோமன்’ என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் புறப்பட்டார். அந்த ஆண்டிலேயே நாட்குறிப்பும் தொடங்கிவிட்டது. எழுத்துப்பிழைகள் மலிந்த சின்னச் சின்ன வாக்கியங்கள். ‘இன்றைக்கு விடை பெறுகிறேன்’ என்ற பொருளில் பல நாள்களின் குறிப்பு முடியும்.

ஒரு நாளின் குறிப்பு இப்படிப் போகிறது: கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, ஆனால் காற்று நமக்குச் சாதகம், நம்மிடம் 135 பீப்பாய் எண்ணெய் இருக்கிறது, அதில் 60 ஒருவகைத் திமிங்கிலத்தினுடையது, 75 மற்றொரு வகையினுடையது, நம்மிடம் இரண்டு பறவைகள் இருந்தன, இப்போது ஒன்றுதான் இருக்கிறது, டிக் செத்துவிட்டது, லூலுவும் சாகப்போகிறது. பறவையின் சாவும் பீப்பாய்க் கணக்கும் ஒரே மூச்சில் வருவதைப் பாருங்கள். வேட்டைக் கப்பலில் சம்பளம் கிடையாது. கிடைக்கும் எண்ணெயில் அவரவர்க்குப் பங்கு. ஆக, பீப்பாய் எத்தனை என்பது குடும்பத்தின் வருமானம் எவ்வளவு என்பதாகும், அது ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது. மற்றொரு குறிப்பில், கொழுப்பை உருக்கும் பெருங்கொப்பரைகளுக்குள் இரண்டு பேர் இறங்கி, முழங்கால் அளவு எண்ணெயில் நின்று வேலை செய்வதை எழுதியிருக்கிறார். அருவருப்போ கிளர்ச்சியோ இல்லை. அடுத்த வீட்டில் நெல் அவிப்பதைச் சொல்வதுபோல் சொல்கிறார்.

உணவும் தண்ணீரும் எப்படி?

மாலுமிகளுக்கு உப்பிட்ட மாட்டிறைச்சியும் கல்லாய்க் கிடக்கும் ரொட்டியும். கேப்டன் மேசைக்கு அதைவிட நல்ல உணவு. கூண்டுக் கோழி முட்டை தரும். பாலுக்கு ஆடு ஏற்றுவார்கள். 1850களில் டப்பாவில் அடைத்த சுண்டிய பால் விற்பனைக்கு வந்தபின் தாய்மாரின் பெருங்கவலை ஒன்று குறைந்தது. நன்னீர் அளந்துதான் கிடைக்கும். மழை பிடித்துக்கொண்டால் பாய்த்துணியை விரித்து நீர் பிடிப்பார்கள். அன்றுதான் சேர்ந்து கிடக்கும் துணிகளைத் துவைப்பதும், பிள்ளைகளை ஆசை தீரக் குளிப்பாட்டுவதும்.

ஆபத்துகள் நிறைய இருந்திருக்குமே?

இருந்தன. மருத்துவ உதவி எட்டாத தொலைவில் காய்ச்சல் வந்தால் கடவுள்தான் துணை; கடலிலேயே அடக்கம் செய்யப்பட்ட குழந்தைகளும் உண்டு. ‘மேரி செலஸ்டி’ என்ற கப்பலின் மர்மத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் கேப்டன் பெஞ்சமின் பிரிக்ஸ், 1872 நவம்பர் 7 அன்று நியூயார்க்கிலிருந்து இத்தாலியின் ஜெனோவாவுக்குப் புறப்பட்டபோது, மனைவி சாராவையும் இரண்டு வயது மகள் சோஃபியாவையும் உடன் அழைத்துச் சென்றார். சாரா தன் தையல் இயந்திரத்தையும் ஆர்மோனியத்தையும்கூட ஏற்றியிருந்தார். ஏழு வயது மகன் ஆர்தரை மட்டும் படிப்புக்காகப் பாட்டி வீட்டில் விட்டிருந்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் அசோரஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே அந்தக் கப்பல் ஆளின்றி மிதந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்த பத்துப் பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. பேய்க்கதைகளாகப் புனையப்பட்ட இந்நிகழ்ச்சியில், ஒரு குடும்பமே சிதைந்தது என்பதையும், பள்ளிப் படிப்பு ஒரு சிறுவனைக் காப்பாற்றியது என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

வளர்ந்தபின் இவர்களும் கடலுக்கே போனார்களா?

முந்தைய தலைமுறையில் ஆண் பிள்ளைகள் போனார்கள். 1880களில் பிறந்தவர்கள் பெரியவர்களானபோது பாய்மரக் கப்பல்களே அருகிவிட்டன. சூயஸ் கால்வாய் 1869இல் திறந்தது. நீராவிக் கப்பல்கள் கிழக்கு வணிகத்தைக் கைப்பற்றின. 1914இல் பனாமா கால்வாய் வந்ததும் கேப் ஹார்ன் வழிக்கே தேவை குறைந்தது. நீராவிக் கப்பல் நிறுவனத்தில் கேப்டன் சம்பளக்காரர்; குடும்பத்தை ஏற்றும் உரிமை அவரிடம் இல்லை.

லிங்கன் கோல்கார்டு எழுத்தாளரானார். ஜொயானா சமூகப் பணித்துறையில் புகழ் பெற்றார். மேலும், பாய் ஏற்றும்போதும் நங்கூரம் இழுக்கும்போதும் மாலுமிகள் பாடிய பாடல்களைத் திரட்டி 1924இல் வெளியிட்டார். எல்லைக்கோட்டைக் கடந்து பிள்ளைகள் போக முடியாது. ஆனால் வேலையின்போது பாடும் பாட்டு கப்பல் முழுதும் கேட்கும் அல்லவா? லாராவின் தம்பி பிரெஸ்காட்டின் கதை தனி ரகம்: பாதிரியாராகி, 1897 வாக்கில் மெய்ன் மாநிலத்தின் லூபெக்கில் கடல்நீரிலிருந்து தங்கம் எடுப்பதாகச் சொல்லி முதலீட்டாளர்களின் பணத்தைச் சுருட்டிக்கொண்டு கம்பி நீட்டினார். கடல்மேல் வளர்ந்தவருக்குக் கடல்நீரே மூலதனம் ஆயிற்று!

இத்தகைய நினைவுக்குறிப்புகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

பார்த்துத்தான் நம்ப வேண்டும். 1929இல் ஜோன் லோவல் என்ற நடிகை, கைக்குழந்தையாக இருந்தது முதல் 17 வயது வரை தந்தையின் ‘மின்னி ஏ. கேன்’ கப்பலில் ஒரே பெண்ணாக வளர்ந்ததாகத் தன்வரலாறு வெளியிட்டார். மாலுமிகளைப் போலவே வசை பொழிவாராம். இறுதியில் ஆஸ்திரேலியக் கடலில் கப்பல் எரிந்து மூழ்க, பூனைக்குட்டிகள் முதுகைப் பற்றிக்கொண்டிருக்க நீந்திக் கரை சேர்ந்தாராம். புத்தகம் அமோகமாக விற்றது. அதை மதிப்புரைக்கு எடுத்துக்கொண்டவர் லிங்கன் கோல்கார்டு. கப்பலில் பிறந்து வளர்ந்த அவருக்கு, பாய்களையும் வேலைமுறைகளையும் பற்றிய விவரங்கள் ஒவ்வொன்றாக இடறின. விசாரித்தால், எரிந்துபோனதாகச் சொன்ன கப்பல் கலிஃபோர்னியாவில் பத்திரமாக நின்றது. ஜோன் அதில் இருந்ததோ ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலம்தான். பதிப்பகம் வாசகர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

உண்மையான குறிப்புகளில் பெரும்பாலும் வானிலை, தையல், பாடம், கோழி, பீப்பாய்க் கணக்கு. ஒவ்வொரு பக்கத்திலும் வீரச்செயல் வரும் குறிப்பைக் கண்டால், அந்தக் கப்பலின் பதிவேட்டைத் தேடிப் பார்ப்பது நல்லது.

இன்று இவற்றை எங்கே காணலாம்?

சியர்ஸ்போர்ட்டில் 1936இல் நிறுவப்பட்ட பெனோப்ஸ்காட் கடல்சார் அருங்காட்சியகத்தில் கேப்டன் குடும்பங்களின் கடிதங்களும் படங்களும் உள்ளன. ‘ஸ்டேட் ஆஃப் மெய்ன்’ கப்பலில் ஹாங்காங் போனபோது ஜொயானா தம் கேமராவில் எடுத்த படங்களும் அவற்றில் அடங்கும். லாராவின் நாட்குறிப்பை இணையத்தில் அவருடைய கையெழுத்திலேயே படிக்கலாம். ‘சார்லஸ் டபிள்யூ. மார்கன்’ 2014இல் பழுது நீக்கப்பட்டு மீண்டும் ஒருமுறை பாய் விரித்துக் கடலோடித் திரும்பியது. மிஸ்டிக்கில் அதன் கீழ்த்தளம் வரை இறங்கிப் பார்க்கலாம்.